நடத்தாத பாடம்

இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில வாசிச்சுக்கங்க பிள்ளைகள்" என்று சொல்லி அடுத்த அலகுக்குத் தாவிவிடுவது என் வழக்கம். இருபது வருடமாகத் தாவியிருக்கிறேன். ஆசிரியர் கலாசாலையிலும் எங்களை அப்படித்தான் தாண்ட வைத்தார்கள்.

சென்ற மாதம் டவுன் பாமஸியில் என் பழைய மாணவன் ஒருவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "சேர், அந்த அவசரக் கருத்தடை மாத்திரைக்குப் பொடியனுகள்தான் வாறானுகள். பொம்புளப் புள்ள ஒண்டும் வந்ததில்ல."

வைத்தியரின் துண்டில்லாமலே இந்நாட்டில் கிடைக்கிற மாத்திரை அது. ஆனால், இன்னாரின் மகள் என்று அறியப்படாமல் எங்களூர்ப் பிள்ளை கடைப்படி ஏற முடியுமா? 72 மணித்தியாலத்துக்குள் அவள் எத்தனை கண்களைத் தாண்டுவாள்?

ஹராமுக்கு வழிதிறப்பதாக நண்பர்கள் சொல்வார்கள். 15 வயது மகளைப் பெற்ற எனக்கும் அந்த அச்சமுண்டு. ஆயினும் இம்மாத்திரை முட்டை வெளிவருவதைப் பிந்தச் செய்வது; தரித்த கருவைக் கலைப்பதல்ல. கருக்கலைப்பையோ, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்கவன்றி அனுமதிப்பதில்லை. நாள் கடந்தவளுக்கு எஞ்சுவது கள்ள வைத்தியம்தான்.

16 வயது நிரம்பாதவளென்றால், அவள் சம்மதித்திருந்தாலும் அது குற்றம். மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு அவன் தப்பிவிடக் கூடாது. ஆகவே கடை திறந்திருந்தால் மட்டும் போதாது. அவள் வாய்திறக்க ஓர் உம்மாவோ மருத்துவ மாதுவோ டீச்சரோ வேண்டும்.

இந்தத் தவணை அப்பாடத்தை நடத்தினேன். நா வறண்டது, பிள்ளைகள் சிரிக்கவில்லை. வீட்டில் மட்டும், உம்மா சொல்லட்டும் என்று நானும், படிப்பிக்கிறவர் சொல்லட்டும் என்று மனைவியும் இன்னும் காத்திருக்கிறோம்.