கந்தன் மணம் கொண்ட குன்றின் அடியில்

விருதுநகர்ப் பக்கமிருந்து மதுரைக்கு ரயிலில் வருவோருக்கு, நகரத்துக்கு முன்பாகவே குன்று காட்சி தந்துவிடும். தூரத்திலிருந்து காண்போர் சிவலிங்கத் திருமேனி என்றே கைகூப்பும் மலை அது. மதுரைக்குத் தென்மேற்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், ஆறுபடை வீடுகளில் முதலாவதாக விளங்கும் திருப்பரங்குன்றம், முருகப்பெருமான் தெய்வயானையை மணம் புரிந்த திருத்தலம். ஆகவே தங்கள் வீட்டுத் திருமணத்தை அவன் சந்நிதியில் நடத்த வேண்டும் என்று நேர்ந்துகொண்டு வரும் குடும்பங்கள் பல.

அப்படித்தான் ஒரு முகூர்த்த நாள் காலையில் மூவர் இந்த ஊரின் ரயில் நிலையத்தில் இறங்கினர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், முழங்கால் வலியால் மெல்ல நடக்கும் அவருடைய இல்லாள், அவர்களோடு மருமகள். அவர்கள் வந்தது எந்தத் திருமணத்துக்கும் அன்று; பேத்தியின் கல்யாணத்துக்கு இடம் பார்க்க. பேத்தியின் தந்தை, அந்த முதியவர்களின் ஒரே மகன், நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

பெண்ணின் தாய்மாமன் நல்ல மனிதர். "எல்லாவற்றையும் ஒரு காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்துவிடலாம் மாமா. மண்டபம், சாப்பாடு, மேடை, மேளம், போட்டோ எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லியிருந்தார். ஆனால் அந்தத் தொகைக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டியிருந்தது. மகன் கட்டிய வீடு. "கல்யாணம் முடிந்த மறுநாள் வட்டி தொடங்கிவிடும். நாமே கூடி நடத்துவோம்" என்று பெரியவர் முடிவு செய்தார். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, செய்ய வேண்டியவை, செய்பவர், செலவு என மூன்று பத்திகள் பிரித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

முகூர்த்த நாளாகப் பார்த்து வந்ததிலும் காரணம் இருந்தது. காலியாக இருக்கும்போது எந்த மண்டபமும் விசாலமாகத்தான் தெரியும். கூட்டம் நிறைந்த நாளில்தான் தண்ணீர் வருகிறதா, பந்திக்கு வழி இருக்கிறதா, முதியோர் உட்கார இடம் உண்டா என்பதெல்லாம் விளங்கும்.

முதலில் தரிசனம். ஏழு நிலை இராஜகோபுரத்துக்கு முன்னால் ஆஸ்தான மண்டபம் 48 தூண்களோடு வரவேற்கிறது. அங்கிருந்து கோயில் மலைச்சரிவைத் தழுவியபடி படிப்படியாக உயர்கிறது. கம்பத்தடி மண்டபம், மகாமண்டபம், அர்த்தமண்டபம் என்று ஏறிச் செல்ல, மலையைக் குடைந்தெடுத்த கருவறையை அடையலாம். நடுவில் துர்க்கை, ஒருபுறம் முருகப்பெருமான், மறுபுறம் கற்பக விநாயகர். சத்தியகிரீசுவரரும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் ஒருவரையொருவர் நோக்கியபடி எழுந்தருளியிருக்கின்றனர். முருகன் இங்கே அமர்ந்த திருக்கோலத்தில், நாரதரும் தெய்வயானையும் உடனிருக்க, மணக்கோலம் காட்டி அருள்பாலிக்கிறான். மலைப்பாறையிலேயே வடித்த திருமேனியாதலால் மூலவருக்கு அபிஷேகம் இல்லை. அவன் கைவேலுக்கே அபிஷேகம் நடைபெறுகிறது.

இந்தக் குடைவரைக்கு எழுத்துச் சான்றும் உண்டு. கி.பி. 773-ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அதிகாரியான சாத்தன் கணபதி கோயிலையும் குளத்தையும் திருத்திய செய்தியைச் சொல்கிறது. அவருடைய மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததையும் அதே கல்வெட்டு தனியாகக் குறிப்பிடுகிறது. கணவன் செய்த திருப்பணி கணவன் பெயரிலும், மனைவி செய்தது மனைவி பெயரிலும் இன்றளவும் கல்லில் நிற்கின்றன.

இத்தலத்து இறைவனின் திருமணமே உறவுகள் கூடி நடத்தும் திருமணம். சூரனை வென்று தேவர் துயர் தீர்த்த குமரனுக்கு, இந்திரன் தன் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தான். அந்த வைபவம் ஆண்டுதோறும் பங்குனிப் பெருவிழாவில் நடைபெறும்போது, மகனின் கல்யாணத்தைக் காண மதுரையிலிருந்து மீனாட்சியம்மையும் சொக்கநாதரும் இங்கே எழுந்தருள்கின்றனர். அடுத்துச் சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம் வரும். அப்போது முருகன் தெய்வயானையோடு மதுரைக்குப் புறப்படுகிறான். பவளக்கனிவாய்ப் பெருமாளும் உடன் சென்று, தங்கையாகிய மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். தெய்வத் திருமணத்திலும் ஒவ்வோர் உறவுக்கும் ஒரு கடமை உண்டு.

தரிசனம் முடிந்து இறங்கும்போது பாட்டியம்மாள் இருமுறை நின்று மூச்சு வாங்கினார். பெரியவர் நோட்டை விரித்து முதல் வரியை எழுதினார்: "மூத்தோர் ஏற வேண்டிய படிகளை எண்ணிப் பார்க்கவும்." கோயிலில் திருமணத்துக்கு ஒதுக்கப்படும் இடம் எது, அதற்கு எத்தனை படிகள், நாற்காலி போட அனுமதி உண்டா என்று அலுவலகத்தில் கேட்டறிந்தார்.

கோயில் திருமணத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படும் ஆவணங்கள் மணமக்களின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், இருவருக்கும் இதுவே முதல் திருமணம் என்பதற்கான சான்று ஆகியவை. மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பதையும் பெரியவர் குறித்துக்கொண்டார். கூட்டத்தில் மறந்துவிடக்கூடிய வேலை அது; பேத்தியிடமே ஒப்படைத்தார்.

தாலி கட்டுவது கோயிலில். விருந்து அருகிலுள்ள ஒரு மண்டபத்தில். அந்த மண்டபத்தைத் தேடித்தான் மூவரும் சந்நிதித் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் நடந்தனர். முதலில் பார்த்தது பளிங்குத் தரையும் சர விளக்குகளுமாகப் பளபளத்தது. ஆனால் பந்திக்கூடம் மாடியில். வெளியிலிருந்து சமையற்காரரை அழைத்து வரவும் அனுமதி இல்லை. இரண்டாவது பழைய மண்டபம். சுண்ணாம்பு அங்கங்கே உதிர்ந்திருந்தது. ஆயினும் பந்திக்கூடம் தரைத்தளத்தில், கிணற்றில் தண்ணீர், முதியோர் அமர்ந்து எழ வசதியான கழிப்பறை கீழேயே இருந்தது.

பெரியவர் அங்கேயே நின்று கேள்விகளைத் தொடுத்தார். சாவி எப்போது கிடைக்கும், எப்போது ஒப்படைக்க வேண்டும்? மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா, டீசல் யார் பொறுப்பு? பாத்திரம், ஜமக்காளம், நாற்காலி வாடகையில் சேர்ந்தவையா? துப்புரவுக்குத் தனிக் கட்டணமா? "வாடகை எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள், வாடகையில் சேராதவை எவை என்று கேட்பவர்தான் ஏமாற மாட்டார்" என்று மருமகளிடம் சொன்னார். ஒப்புக்கொண்ட யாவற்றையும் முன்பண ரசீதின் பின்புறத்தில் எழுதி வாங்கினார்.

அடுத்து சமையல். ஊரில் இருந்த தவசுப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை இலை?" பெரியவர் இருநூறு என்றார். பாட்டியம்மாள் குறுக்கிட்டு, முகூர்த்தச் சாப்பாட்டுக்கு இருநூறு, முன்னிரவுக்கு எண்பது, காலைப் பலகாரத்துக்கு நூற்றிருபது என்று பிரித்துச் சொன்னார். மூன்று வேளைக்கும் ஒரே எண்ணிக்கை சொல்லியிருந்தால் எவ்வளவு வீணாகியிருக்கும்! சாமான் பட்டியலைத் தவசுப்பிள்ளை தருவது, மளிகையைத் தாங்களே மொத்தக் கடையில் வாங்குவது, கூலி தனி என்று பேச்சு முடிந்தது.

பூவுக்கு மாட்டுத்தாவணி மலர்ச் சந்தை. மதுரை மல்லி பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை ஏறும். முகூர்த்த நாட்களில் எந்த மாதத்திலும் ஏறும். ஆதலால் மணமாலை இரண்டுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்து, மேடைக்கு வாழைமரமும் மாவிலைத் தோரணமும் தென்னங்குருத்தும் போதும் என்று தீர்மானித்தனர். நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும், கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் கலைஞர் ஒருவர் இசைந்தார். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு இடங்களில் ஒப்புக்கொள்ளும் வழக்கம் தமக்கு இல்லை என்று அவரே முன்வந்து சொன்னது பெரியவருக்குப் பிடித்துப்போயிற்று.

நண்பகலில் மூவரும் ஒரு மண்டப நிழலில் அமர்ந்தனர். எதிரே புதுமணத் தம்பதியர் ஒருவர் பின் ஒருவராகச் சந்நிதியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தனர். பெரியவர் 'செய்பவர்' என்ற பத்தியைப் படித்தார். தாரை வார்ப்பது தாத்தாவும் பாட்டியும். மாப்பிள்ளையை அழைப்பது தாய்மாமன். சந்தனம், குங்குமம் அத்தை மக்கள். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"நான் பந்தியைப் பார்த்துக்கொள்கிறேன் மாமா" என்றார் மருமகள். "அங்கேதான் பொறுப்பான ஆள் வேண்டும். மேடைப் பக்கம் நான் வரவில்லை."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை யாரும் கேட்கவில்லை. கணவனை இழந்த பெண் மங்கல காரியத்தில் முன்னே நிற்கக்கூடாது என்று உறவினர் சிலர் ஏற்கெனவே பேசியிருந்தார்கள். அவரும் நான்கு ஆண்டுகளாக எல்லா விசேஷங்களிலும் அடுப்படியோடு ஒதுங்கிக்கொள்ளப் பழகியிருந்தார்.

பாட்டியம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "காண்ட்ராக்டரிடம் கொடுத்திருந்தால் யார் எங்கே நிற்பது என்று அவன் சொல்லுவான். நாமே நடத்துகிறோம், நாம்தான் சொல்ல வேண்டும். பங்குனியில் மகன் கல்யாணத்துக்கு மீனாட்சி மதுரையிலிருந்து இங்கே வருகிறாள். வந்தவள் மடைப்பள்ளியிலா நிற்கிறாள்? பெற்றவள் முன்னால்தான் நிற்பாள். என் மகன் இல்லாத குறை ஒன்று போதும் தாயி. நீயும் இல்லாத மேடை எனக்கு வேண்டாம்."

மருமகள் தலைகுனிந்து முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். "ஊர் என்ன சொல்லும் அத்தை?"

"அப்பத்தா சொன்னாள் என்று சொல். என் வயசுக்கு யார் வந்து எதிர்த்துக் கேட்பார்கள்?"

பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பேனாவைத் திறந்தார். மணமேடையில் மாங்கல்யத் தட்டை எல்லோரிடமும் காட்டி ஆசி பெற்று வருவது யார் என்ற வரி வெறுமையாக இருந்தது. அதில் 'பெண்ணின் தாயார்' என்று திருத்தமாக எழுதினார். பந்திப் பொறுப்பைத் தாய்மாமன் பெயருக்கு மாற்றினார்.

மாலையில் நடை திறந்ததும், படிகளைப் பொருட்படுத்தாமல் பாட்டியம்மாள் மறுபடியும் சந்நிதிக்கு ஏறினார். இம்முறை மருமகளின் கை அவருடைய கையைப் பற்றியிருந்தது. முருகன் திருமுன் மூன்றாவது பொருளாக நோட்டுப் புத்தகமும் தேங்காய் பழத்தட்டில் இருந்தது. குருக்கள் அதன்மேல் குங்குமம் இட்டுத் திருப்பித் தந்தார். ஆவணியில் ஒரு சுபமுகூர்த்தம் குறித்தாயிற்று.

இல்லத் திருமணத்தைத் தாங்களே நடத்த எண்ணும் பெரியோர்க்கு இத்தலம் காட்டும் வழி எளியது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மேடையின் அழகுக்கு முன்னால், வீட்டிலேயே மூத்தவர் அங்கு வந்து அமர முடியுமா என்று பார்க்க வேண்டும். வேலைகளைப் பங்கிடும்போது, வீட்டிலேயே மனம் நொந்தவருக்கு முதலில் ஓர் இடம் வைக்க வேண்டும். மற்றவற்றை மணக்கோலத்து முருகன் பார்த்துக்கொள்வான்.

செல்லும் வழி: மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றத்துக்கு நகரப் பேருந்துகள் உண்டு. மதுரை - விருதுநகர் ரயில் பாதையில் திருப்பரங்குன்றம் நிலையம் உள்ளது. முகூர்த்த நாட்களில் கூட்டம் மிகுதி; முதியோர் அதிகாலையில் தரிசனம் செய்வது நலம். கருவறை வரை படிகள் இருப்பதால் உடன் ஒருவர் துணைக்கு வருதல் நன்று.