ஊனம் தெரியும்படி ஒரு படம்

நான் தனியாக நின்று எடுத்துக்கொண்ட முதல் படம் பஸ் பாசுக்காக எடுத்தது. வயது பதினான்கு. ஊனம் தெரியும்படி முழு உருவப் படம் வேண்டும் என்றிருந்தார்கள். "டவுசரை இன்னுங் கொஞ்சம் ஏத்துப்பா, காலு தெரியணும்ல" என்றார் ஸ்டூடியோக்காரர். அப்பா குனிந்து ஏற்றிவிட்டார். காலுக்கு மாட்டும் கேலிப்பரைக் கழற்றியிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படத்தில் முகம் சரியாக விழவில்லை. யாரும் அதைக் கேட்கவுமில்லை.

குரும்பலூரில் எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் நான் எப்போதும் இரண்டாம் வரிசை. சித்தி ஒரு சின்னப் பிள்ளையை இழுத்து என் காலுக்கு முன்னால் நிறுத்துவாள். பாசம்தான். ஆபீசுக்குக் காலைக் காட்டணும், சொந்தபந்தத்துக்கு மறைக்கணும்.

லண்டனுக்கு வந்த புதிதில், 2005இல், டிரஃபால்கர் சதுக்கத்தில் அலிசன் லேப்பர் சிலையைப் பார்த்தேன். கைகள் இல்லாமல், குட்டைக் கால்களோடு பிறந்தவர். கர்ப்பிணியாக, ஆடையின்றி, வெள்ளைப் பளிங்கில் கிட்டத்தட்ட 12 அடி உயரத்தில் அவரை வடித்திருந்தார் மார்க் குவின். இது சிலை வைக்கிற உடம்பா என்று ஊரே சண்டை போட்டது. பக்கத்திலேயே தூண் உச்சியில் நிற்கும் கடற்படைத் தளபதி நெல்சனுக்கும் வலது கை கிடையாது. அதை மட்டும் வீரம் என்பார்கள்.

ஆனால் என்னை உலுக்கியது பிறகு தெரிந்துகொண்ட செய்தி. அலிசன் பிரைட்டனில் நுண்கலை படித்தவர். குவின் வருவதற்கு முன்பே தன் உடலைத் தானே படம் எடுத்துக் கலையாக்கியவர். அவர் டவுசரை யாரும் ஏற்றிவிடவில்லை!

லண்டனில் முதலில் எந்த நாடு என்பார்கள், பிறகுதான் காலைப் பார்ப்பார்கள். நம்மூரில் நேராகக் கால்தான். 2010 வாக்கில் அரசு என்னை 'மாற்றுத்திறனாளி' ஆக்கியது. தெருவுக்கு, ஐம்பது தாண்டியும் 'போலியோ பையன்'.

போன தையில் ஊருக்குப் போனபோது சின்ன வெங்காயக் காட்டில், பச்சைமலை பின்னால் தெரிய, கேமராவை நிறுத்தினேன். பத்து விநாடி டைமர். கேலிப்பரோடு பத்து விநாடியில் குறித்த இடத்துக்குப் போய் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் பாதி வழியிலேயே 'கிளிக்'. தோள் சாய்ந்து, முதுகு காட்டி, ஒரு கால் காற்றில். முப்பது படங்கள் இப்படியே வீணாகின. ராத்திரி உட்கார்ந்து பார்த்தால், நான் நடக்கிற விதத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை என்பது தெரிந்தது. ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"வெங்காயப் பாரையெல்லாம் இப்பிடி மிதிச்சு வச்சிருக்கியேடா" என்றாள்.