பனியும் அவரைப் பந்தலும்

பனியைப் போல் வீண் பழி சுமப்பது உலகத்தில் வேறொன்றும் இல்லை. குழந்தைக்குச் சளி பிடித்தால் பனி; பாட்டனாருக்கு இழுப்பு வந்தால் பனி; பால்காரன் நேரங் கழித்து வந்தாலும் பனிதான் காரணம். மார்கழி பிறந்து விட்டால் நம்மவர்கள் காதை மூடிக் கழுத்துத் துணியைச் சுற்றிக் கொண்டு, பனியை ஒரு சத்துருவாகவே பாவிக்கத் தொடங்கி விடுகிறார்கள். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழியும் அதற்குச் சாட்சி சொல்ல வந்து விடுகிறது.

ஆனால் தர்மபுரி ஜில்லாவில் வீட்டுக் கொல்லையில் நாலு செடி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பனியை அவ்வளவு எளிதில் வைதுவிட மாட்டார்கள்.

நமது ஜில்லா மேட்டு நிலம். தர்மபுரிப் பட்டணம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி. கிருஷ்ணகிரியும் ஓசூரும் 2004-ஆம் வருஷத்தில் தனி ஜில்லாவாகப் பிரிந்து போயின. பனி மாத்திரம் பிரியவில்லை. கடற்கரை ஊர்களில் இரவு முழுவதும் கடல் தன் வெப்பத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் கொடுத்துக் கொண்டிருக்கும். நமக்கு அந்தத் தயவு கிடையாது. மழைக்காலம் முடிந்து வானம் நிர்மலமாகி விட்டால், பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் ஆகாயத்துக்குத் திருப்பிக் கொடுத்து விடுகிறது. விடியற்காலையில் இலை குளிர்ந்து, அதன் மேல் காற்றிலுள்ள ஈரம் முத்து முத்தாய்ப் படிகிறது. மேகம் மூடிய இரவுகளில் பனி குறைவாயிருப்பதன் காரணமும் இதுவே. மேகம் ஒரு கம்பளி போல் பூமியைப் போர்த்தி விடுகிறது.

இந்தப் பனிக்காலத்தில் கொல்லைக்கு ராணியாக விளங்குவது அவரை. ஆடியில் விதையை ஊன்றுவோம். ஆவணி, புரட்டாசியில் கொடி பந்தலை மூடும். ஐப்பசியிலோ இலையும் தழையுமாய்க் கூரை மேலும் ஏறி, பக்கத்து வீட்டு முருங்கையையும் பிடித்துக் கொள்ளும். பூ மட்டும் ஒன்றுகூட இராது. பொறுமையில்லாதவர்களுக்கு இது பெரிய சோதனைக் காலம்.

நமது தெருவுக்குச் சென்ற ஆண்டு ஓர் உத்தியோகஸ்தர் குடும்பத்துடன் மாற்றலாகி வந்தார். தோட்டத்தில் மிகுந்த ஆசையுள்ளவர். ஆடியில் யாரோ கொடுத்த அவரை விதையைப் போட்டார். ஐப்பசி கடைசியில் அரிவாளும் கையுமாய்ப் பந்தலடியில் நின்றார். "மூன்று மாதம் தண்ணீர் விட்டாயிற்று. இது மலட்டுக் கொடி ஸார், வெட்டி விட்டு வேறு ஏதாவது போடலாம்" என்றார். அந்தச் சமயம் அவ்வழியே கீரைக் கூடையுடன் வந்த கிழவி ஒருத்தி நின்று பார்த்தாள்.

"என்ன சாமி, காய்க்கிற கொடியை வெட்டப் பாக்கறீங்க?"

"ஒரு பூவைக் கூடக் காணோமே, ஆயா!"

"பனி எறங்கட்டும் சாமி. பனியைக் கண்டாத்தான் அது வாயைத் தொறக்கும்."

உத்தியோகஸ்தர் பாதி மனத்துடன் அரிவாளை உள்ளே கொண்டு போய் வைத்தார். மார்கழியில் அந்தப் பந்தல் முழுவதும் கொத்துக் கொத்தாய் ஊதாப் பூ. தையில் அவர் வீட்டார் தெருவிலுள்ள அத்தனை வீடுகளுக்கும் முறம் முறமாய் அவரைக்காய் அனுப்பினார்கள். நமது வீட்டிலும் ஒரு வாரம் பொரியலும் கூட்டும் குழம்பும் அவரையாகவே இருந்தது.

கிழவி சொன்னதைச் சாஸ்திரமும் ஏறக்குறைய ஒப்புக் கொள்கிறது. 1920-ஆம் வருஷத்தில் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இரு விஞ்ஞானிகள், சில செடிகள் பகலின் நீளத்தைக் கொண்டே பூக்கும் காலத்தை அறிகின்றன என்று வெளியிட்டார்கள். நமது பழைய கொடி அவரை அந்த ஜாதி. இரவு நீண்டு பகல் குறுகினால்தான் அது மொட்டு விடும். நம் ஊரில் ஆனி மாதத்தில் பன்னிரண்டே முக்கால் மணி நேரமுள்ள பகல், மார்கழியில் ஏறக்குறைய பதினொன்றரை மணியாகச் சுருங்குகிறது. வித்தியாசம் ஒன்றேகால் மணிதான். அவரைக்கு அது போதும். நீண்ட இரவும் பனியும் கைகோத்து வருவதால், பெரியவர்கள் பனியின் பெயரைச் சொன்னார்கள். விஞ்ஞானிகள் இரவின் பெயரைச் சொல்லுகிறார்கள். தெரு விளக்கின் வெளிச்சம் இரவெல்லாம் விழும் இடத்தில் இந்தக் கொடி பூக்கத் தாமதிப்பதும் இதனால்தான். பந்தலுக்கு இடம் தேடுகிறவர்கள் இதை மனத்தில் வைப்பது நல்லது. சாமந்திக்கும் இதே சுபாவம் உண்டு.

பனிக்கு வேண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். முள்ளங்கி, கொத்தமல்லி, பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் குளிரில் குஷியாய் வளர்பவை. டிசம்பர் பூவுக்குப் பெயரே சாட்சி. மாமரத்துக்கோ மார்கழிக் குளிர் மிகவும் அவசியம். வறண்ட, குளிர்ந்த இரவுகள்தான் அதற்குப் பூவெடுக்கக் கட்டளை கொடுக்கின்றன. ஆனால் பூத்த பிறகு மூடுபனி நீடித்தால் சாம்பல் நோய் வந்து பூவைக் கருக்கி விடும். அழைத்தவரே அடிக்கவும் செய்வார் என்பது இதுதான்.

வேண்டாதவர்களின் ஜாபிதாவும் சிறியதல்ல. மல்லிகை குளிரில் மொட்டைச் சுருக்கிக் கொள்கிறது. கல்யாண வீட்டார் தையில் பூ வாங்கப் போய் விலையைக் கேட்டுத் திகைப்பது வருஷந்தோறும் நடக்கிறது. முருங்கை பூவை உதிர்க்கிறது. கறிவேப்பிலை துளிர் விடாமல் தூங்குகிறது. தக்காளி, இரவுக் குளிர் 13 டிகிரிக்குக் கீழே போனால் பூப் பூத்தும் பிஞ்சு பிடிக்கத் தயங்குகிறது. தர்மபுரியில் அவ்வளவு குளிர் அபூர்வம். ஓசூர்ப் பக்கத்தில் அவ்வளவு அபூர்வமல்ல.

மேலே ஏற ஏறக் கஷ்டமும் ஏறுகிறது. உதகமண்டலத்தில் விழுவது பனியல்ல, உறைபனி. செடியின் உடம்பிலுள்ள நீரே உறைந்து, வெயில் ஏறியதும் இலை வெந்தது போல் கறுத்து விடும். 1848-ல் தொடங்கிய அங்குள்ள சர்க்கார் தாவரவியல் பூங்காவில், மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் தழைகளால் போர்த்திக் காப்பாற்றுகிறார்கள். காஷ்மீரத்திலோ குளிர்காலத்தில் தோட்டமே கிடையாது. கோடையில் கத்தரியையும் சுரையையும் தக்காளியையும் உலர்த்தி வைத்துக் கொண்டு, வெண்பனி மூடிய மாதங்களில் சமைக்கிறார்கள். கனடா தேசத்தில் குடியேறிய நமது தமிழ்ச் சகோதரர்கள் கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்த்து, குளிர் வருமுன் குழந்தையைத் தூக்குவது போல் வீட்டுக்குள் தூக்கிப் போகிறார்கள். இவர்களையெல்லாம் நினைத்தால், நம் பனி எவ்வளவு சாது என்பது விளங்கும்.

சாதுவானாலும் சில மரியாதைகளை எதிர்பார்க்கிறது. பனிக்காலத்தில் மாலையில் நீர் விடக் கூடாது. இரவெல்லாம் ஈரம் நின்றால் பூஞ்சணம் பற்றும். காலையில் வெயில் வந்த பிறகு வேரடியில் மட்டும், கோடையில் விடுவதில் பாதி விட்டால் போதும். அவரையில் அசுவினி மொய்க்கத் தொடங்கினால், விடியலில் இலை நனைந்திருக்கும் போதே அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். பனியே அதைப் பிடித்து வைத்துக் கொள்ளும். அடுப்பில் விறகு எரிக்காத வீடுகளில் வேப்பெண்ணெய்க் கரைசல் உதவும்.

இவையெல்லாம் சிறு விஷயங்கள். நமக்குக் கவலை தருவது வேறொன்று.

இந்த ஜில்லாவில் கேழ்வரகுக் காட்டில் சால் சாலாக அவரையும் மொச்சையும் விதைப்பது தொன்றுதொட்ட வழக்கம். அந்தக் களத்திலிருந்தே வீட்டுக் கொல்லைக்கும் விதை வந்தது. கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் எந்தப் பருவத்திலும் காய்க்கும் குத்து அவரை வகைகளைத் தந்திருக்கிறார்கள். அவை நல்லவையே, விற்பனைக்குப் பயிரிடுபவருக்குப் பெரிய உபகாரம். ஆனால் வருஷம் பூராவும் கடையில் அவரை கிடைப்பதால், பனிக்குக் காத்திருக்கும் கொடியை யார் வைக்கிறார்கள்? நாம் பாடம் சொல்லும் வகுப்பில், வீட்டில் அவரைப் பந்தல் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டோம். தூக்கிய கைகளை எண்ண நமது ஒரு கையின் விரல்களே போதுமானதாயிருந்தன. இத்தனைக்கும் அப்பிள்ளைகளில் பலர், காய்கறி விலை ஏறினால் வெறும் ரஸத்துடன் உண்டு எழுகிறவர்கள்.

ஆறு கோல், ஒரு கயிறு, நாலு விதை, இவ்வளவுதான் முதல். மார்கழி முதல் மாசி வரை ஒரு குடும்பத்துக்குக் காய் வரும். ஒருவரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. சுயராஜ்யம் என்ற பெரிய வார்த்தைக்கு வீட்டளவில் இதைவிட எளிய அர்த்தம் நமக்குத் தெரியவில்லை. ஆனால் விதையை ஒரு வருஷம் வைக்கத் தவறினால் அடுத்த வருஷம் பக்கத்து வீட்டில் கேட்கலாம். தெருவே வைக்கத் தவறினால் யாரிடம் கேட்பது?

ஆகையால் நேயர்கள் வரும் மாசியில் ஒரு காரியம் செய்ய வேண்டும். பந்தலில் முற்றிய காய்களில் நல்லதாகப் பத்தைப் பறிக்காமல் விடுங்கள். கொடியிலேயே காய்ந்ததும் உரித்து, சாம்பலில் புரட்டி, உலர்ந்த கலயத்தில் போட்டு வையுங்கள். ஆடியில் நாலு விதையை நீங்கள் ஊன்றிக் கொண்டு, மீதியைப் பந்தலில்லாத வீட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது, "ஐப்பசியில் வெட்டி விடாதே" என்று ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்.