புதன்கிழமை மத்தியானம் எனக்கு!

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு. நமக்கு மட்டும் அன்றுதான் இரட்டை வேலை! பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைசீவி, ஆராதனைக்குக் கிளப்ப வேண்டும். ஆலயம் விட்டு வந்ததும் இறைச்சிக் குழம்பு கொதிக்க வேண்டும். சாயங்காலம் விருந்தாளிகள் வருவார்கள். அந்த அலுப்போடேயே திங்களும் செவ்வாயும் ஓடிவிடும். எங்கள் நாகர்கோவில் பக்கம் பல கிறிஸ்தவ வீடுகளில் இதுதான் நடப்பு.

போன வருஷம் எனக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்தது. ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 9 கிராம்தான் இருந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தாலே ரத்த சோகை என்றார் டாக்டரம்மா. இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்துவிட்டு, "ரெஸ்ட் எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

யாத்திராகமம் 20-ம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை இருக்கிறது. மகன், மகள், வேலைக்காரர், ஆடு மாடு, வீட்டுக்கு வந்த அந்நியன் எல்லோருக்கும் அதில் ஓய்வு உண்டு. மனைவி என்று தனியாகச் சொல்லவில்லை. 'நீ' என்ற சொல்லுக்குள் நானும் அடக்கம்தானே! ஞாயிறு முடியாவிட்டால் வாரத்தின் நடுவிலாவது எனக்கு இரண்டு மணி நேரம் வேண்டும் என்று வீட்டில் சொன்னேன்.

"மத்தியானம் நீ படுத்துக் கிடந்தா வீட்ட ஆரு பாக்கது?" என்றார் மாமி. வாதாடாமல் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப துவையல நான் அரைச்சுக்கிடுதேன்" என்றார். அன்று முதல் புதன்கிழமை மத்தியானம் என்னுடையது.

அதற்கான ஆயத்தம் செவ்வாய் மாலையே தொடங்கிவிடும். புதன்கிழமை பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை. அதைத் தேய்த்து மாட்டுவது அவர்கள் அப்பாவின் பொறுப்பு. ஷூவுக்குப் பாலீஷ் போடுவது பெரியவன் வேலை. இட்லி மாவு அரைத்து வைத்துவிடுவேன். முருங்கைக்கீரை உருவும் வேலையைச் சின்னவள் கதை கேட்டுக்கொண்டே முடித்துவிடுவாள்.

புதன்கிழமை மத்தியானச் சமையல் கஞ்சியும் சிறுபயறும், முருங்கைக்கீரைத் துவரனும், மாமியின் தேங்காய்த் துவையலும்தான். தொட்டுக்கொள்ள நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. இந்தப் புளிப்பில் இருக்கும் வைட்டமின் சி, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு சாயா குடித்தால் அது சேர விடாமல் தடுக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

ஒன்றரை மணிக்கு அடுக்களைக் கதவைச் சாத்திவிடுவேன். ஒரு மணி நேரம் தூக்கம். பிறகு ரேந்தை பின்னுவேன். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனெரி மால்ட் ஐயரின் மனைவி, இங்குள்ள பெண் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த கைவேலை இது. அந்த வருமானத்தைக் கொண்டு அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. எனக்கு அதிலிருந்து கிடைப்பது கொஞ்ச நேரம் மன அமைதி.

இரவு ஏழு மணிக்கு வீட்டு ஜெபக்கூட்டம். முறை வைத்து ஒவ்வொரு வீடாக நடக்கும். முன்பெல்லாம் ஒரு வீட்டில் வடை போட்டால் அடுத்த வீட்டில் வடையும் கேசரியும் வைப்போம். இப்போது எந்த வீடானாலும் சுக்குக்காப்பி மட்டும் என்று பெண்கள் நாங்களே பேசி முடிவு செய்துவிட்டோம். யாருக்கும் குறையில்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 11 கிராமுக்கு மேல் வந்திருந்தது. ரத்தத்தைக் கூட்டியது மாத்திரையும் சாப்பாடும்தான். ஆனால் பிள்ளைகளிடம் எரிந்து விழாமல் பேசுகிற பொறுமையைத் தந்தது அந்த இரண்டு மணி நேரம்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு மணி நேரம் கிடைக்காவிட்டால் அரை மணியிலிருந்து தொடங்குங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். 'நேரம் கிடைத்தால் படுக்கலாம்' என்று இருந்தால் அந்த நேரம் வரவே வராது!