கதவைத் திறக்காதீங்க

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, “ஹைப்பாக்ஸியா பெட்டியின் கதவைத் திறக்காதீங்கப்பா.” ஆக்சிஜனைக் குறைத்துச் செல்களை வளர்க்கும் பெட்டி அது. நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

கணையப் புற்றுச்செல்களை 1 சதவீத ஆக்சிஜனில் ஒரு நாள் வளர்த்தேன். தட்டை வெளியே எடுத்து, சாவகாசமாகக் கழுவி, புரதம் பிரித்து, குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் போட்டால், எச்.ஐ.எஃப்-1 ஆல்பா என்ற புரதம் வரவேண்டிய இடம் வெறிச்சோடிக் கிடந்தது. ஆன்டிபாடியைத் திட்டியே இரண்டு வாரம் போனது. தப்பு என் சாவகாசத்தில். காற்றுப் பட்டால் அந்தப் புரதத்தில் பாதி சுமார் 5 நிமிடத்தில் காணாமல் போய்விடும். ஆக்சிஜன் இருக்கும்வரை ஒரு நொதி அதற்குக் குறியிட்டு அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் புரதம் தங்கும். உட்கருவுக்குள் போய், செல் சர்க்கரையை அள்ளவும் இடம்பெயரவும் உதவும் மரபணுக்களை எழுப்பிவிடும். செமன்ஸா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019இல் நோபல் வாங்கித் தந்த கதை இது.

இப்போதெல்லாம் செல் வளரும் திரவமான மீடியத்தை முதல் நாளே பெட்டிக்குள் வைத்துவிடுவேன். பிளாஸ்டிக் தட்டையும்தான், அதுவும் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். செல்லை உடைப்பதும் உள்ளேயே. ஆக்சிஜனைக் குறைக்காமல், கோபால்ட் குளோரைடு ஊற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பாது. புரதம் தங்கும், ஆனால் செல்லுக்கு மூச்சு முட்டாது. சாப்பிட்டுவிட்டு உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்வது போல.

கணையத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? 2000இல் வெளியான ஆய்வு ஒன்றில், 7 நோயாளிகளின் கட்டிக்குள் அறுவையின்போதே ஊசிமுனை மின்வாயைச் செலுத்தி அளந்தார்கள். கட்டியில் ஆக்சிஜன் அழுத்தம் 0 முதல் 5.3 மி.மீ. பாதரசம், பக்கத்து நல்ல திசுவில் 24க்கு மேல். நுண்ணோக்கியில் பார்த்தாலே காரணம் புரியும். புற்றுச்செல்கள் அங்கொன்றும் இங்கொன்றும். மீதியெல்லாம் இளஞ்சிவப்பு நார்க்காடு. அந்த நார் ரத்தக்குழாய்களை நெரிக்கிறது. மருந்து போய்ச் சேராது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்லக் கதிர்வீச்சும் ஏறத்தாழ மூன்று மடங்கு வேண்டும்.

அதற்காக எச்.ஐ.எஃப்பை அடக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். எலியின் கணையத்தில் எச்.ஐ.எஃப்-1 ஆல்பா மரபணுவை நீக்கியபோது, புற்றின் தொடக்க நிலை வேகமெடுத்ததையும் பார்த்திருக்கிறார்கள்.

சாதாரண இன்குபேட்டருக்குள் ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு மேல். கணையப் புற்றுநோய் ஆய்வு எதைப் படித்தாலும், முடிவுக்குப் போகும் முன் செல்கள் எத்தனை சதவீத ஆக்சிஜனில் வளர்ந்தன என்ற எண்ணைச் செய்முறைப் பகுதியில் தேடிப் பாருங்கள்.