தோப்பி

அரியலூர் வீட்டில் ஞாயிறு மாலைகளில் ஜின்னில் எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் கலந்து பார்க்கிறேன். இரண்டு பங்கு, ஒரு பங்கு, அரைப் பங்கு. விமர்சனக் குறிப்பு எழுதுவதுபோல் நோட்டில் எழுதி வைக்கிறேன்.

வீட்டில் சமைத்த நெற்கள்ளைப் பெரும்பாணாற்றுப்படை தோப்பி என்கிறது. நமக்கு மாகாணம் முழுதும் 1948இல் மதுவிலக்கு, 1971இல் தளர்வு, 1974இல் திரும்பவும் விலக்கு, 1981இல் மறுபடி தளர்வு, 2003 முதல் சில்லறைக் கடையும் டாஸ்மாக். விலக்கிலும் சரி கடையிலும் சரி, ரசனைக்கு இடமில்லை என்பது என் கட்சி. பெரம்பலூரில் அப்பா கொல்லைக் கதவோரம் நின்றபடியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார். நான் அப்படியல்ல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு, பாட்டில் மூடியைத் திருகிய சத்தம் கேட்டு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படிக்குப் போனாள். அப்பா இருந்த நாட்களிலும் அங்கேதான் போய் உட்காருவாள்.