பிரிந்தவர்கள் எங்கே கூடுகிறார்கள்?

வகுப்பில் பாலைத்திணைப் பாடல்களை நடத்தும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: "போனவன் திரும்பி வந்தானா, இல்லையா?" பெரும்பாலான பாடல்கள் அதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது பாட்டின் வேலை அல்ல என்று விளக்கிவிட்டு நாம் அடுத்த பாடலுக்குப் போய்விடுவோம். அந்த விளக்கத்தை நாமே முழுதாக நம்பவில்லை என்பது 'தி வாக்கிங் டெட்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தபோதுதான் தெரியவந்தது. அங்கே நாமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ராபர்ட் கிர்க்மன் 2003இல் எழுதத் தொடங்கிய சித்திரக்கதையை அடிப்படையாகக் கொண்ட தொடர் இது. ஏஎம்சி தொலைக்காட்சியில் 2010 அக்டோபர் 31 அன்று தொடங்கி, 2022 நவம்பர் 20 வரை, 11 சீசன்கள், 177 அத்தியாயங்கள் ஓடியது. இறந்தவர்கள் நடைபிணங்களாக எழுந்து உயிரோடிருப்பவர்களைத் தின்னும் உலகில் எஞ்சிய ஒரு சிறு கூட்டத்தின் கதை. இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றிருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் பிறகு வாசிப்பது நலம். முடிச்சுகள் பலவற்றை அவிழ்க்காமல் இதை எழுத இயலாது.

நான்காம் சீசனில் அந்தக் கூட்டம் ஒரு சிறைச்சாலையில் குடியிருக்கிறது. தலைவன் ரிக் துப்பாக்கியை ஒதுக்கிவைத்துவிட்டுக் காய்கறி பயிரிடுகிறான், பன்றி வளர்க்கிறான். 2013 டிசம்பர் 1 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில் கவர்னர் என்பவன் படையோடு வருகிறான், பெரியவர் ஹெர்ஷல் எல்லார் கண்ணெதிரிலும் கொல்லப்படுகிறார், வேலிகள் சரிகின்றன, ஓடியவர்கள் ஓடிய திசையிலேயே பிரிந்துபோகிறார்கள். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தே பாலை ஆகின்றன என்று சிலப்பதிகாரம் காட்டும். நேற்று வரை தோட்டமாக இருந்த சிறைமுற்றம் ஒரு பகலில் அப்படித் திரிந்தது.

அதன்பின் வந்த எட்டு அத்தியாயங்களில் கதை சிதறிய சிறு குழுக்களின் பின்னால் மாறி மாறிப் போகிறது. ரிக்கும் மகன் கார்லும் ஒருபுறம். அவர்களோடு பிறகு சேரும் மிஷோன். டேரிலும் ஹெர்ஷலின் இளைய மகள் பெத்தும் காட்டில். மூத்த மகள் மேகி, சாஷா, பாப் ஆகியோரோடு. அவள் கணவன் கிளென் வேறிடத்தில். டைரீஸ் குழந்தைகளோடு. முதல்முறை பார்த்தபோது நமக்குப் பொறுமையே இல்லை. 2014 மார்ச் 2 அன்று வந்த அத்தியாயம் முழுவதும் டேரிலையும் பெத்தையும் தவிர முதன்மைப் பாத்திரங்களில் வேறு யாருமே வரவில்லை. கிளென் என்ன ஆனான், ரிக் எங்கே போனான் என்ற தவிப்பில் அதைப் பாதியிலேயே ஓட்டிவிட்டோம். நம் மாணவர்கள் செய்வதும் இதுதானே.

இரண்டாம் முறை நிதானமாகப் பார்த்தபோதுதான் இந்தப் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பது புலப்பட்டது. சிறை வீழ்ந்த அன்று ரிக் தன் கைக்குழந்தை ஜூடித்தின் இருக்கையைக் காண்கிறான். அது வெறுமையாக, இரத்தக் கறையோடு கிடக்கிறது. குழந்தை இறந்துவிட்டது என்றே தந்தையும் அண்ணனும் நம்பி அழுகிறார்கள். பின்னர் வரும் ஓர் அத்தியாயத்தில் நாம் பார்க்கிறோம்: குழந்தை டைரீஸின் கையில் உயிரோடு இருக்கிறாள். அந்தக் கணம் முதல், ரிக் அறியாத ஒன்றை நாம் அறிந்தவர்களாகிறோம். அவன் சிரிக்க முயலும் இடங்களிலெல்லாம் அது நம்மை உறுத்துகிறது. அசோகவனத்தில் சீதை உயிரோடிருப்பதை அறிந்துகொண்டே இராமனின் புலம்பலைக் கேட்கும் வாசகரின் நிலை இது. கூட்டம் சிதறிய பிறகு அவர்கள் எல்லாரும் சேர்ந்திருந்த ஒரே இடம் பார்க்கிறவரின் மனம்தான். தந்தையும் மகளும் சந்திக்க அக்டோபர் 12 வரை, அடுத்த சீசனின் முதல் அத்தியாயம் வரை, அந்தச் செய்தியை நாம்தான் சுமந்தோம்.

இன்னொன்றும் உண்டு. கூட்டம் பலரைக் காப்பாற்றுகிறது, சிலரை மறைத்தும்விடுகிறது. சிறையில் இருந்தவரை பெத் பாட்டுப் பாடும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண், அவ்வளவே. விளம்பரம் போக ஏறத்தாழ 43 நிமிடங்களே உள்ள ஓர் அத்தியாயத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கும்போது அவளிடம் கேள்வி கேட்க யாருக்கும் நேரமில்லை. நாம் ஓட்டிவிட்ட அந்த அத்தியாயத்தில்தான் அவள் முழு மனுஷியாகிறாள். கள்ளச்சாராயம் காய்ச்சும் ஒரு குடிசையில், இந்தப் பேரழிவுக்கு முன் தான் அண்ணன் பின்னால் வெறுமனே திரிந்துகொண்டிருந்த ஒருவன் என்று டேரில் அவளிடம் ஒப்புக்கொள்கிறான். பலர் கூடியிருந்த இடத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்திராது. பிறகு இருவரும் சேர்ந்து அந்தக் குடிசையைக் கொளுத்துகிறார்கள்.

இதனினும் கடுமையானது கேரல், டைரீஸ் இருவரின் கதை. கொள்ளை நோய் பரவாமல் தடுப்பதாக எண்ணி, நோயுற்ற இருவரைக் கேரல் கொன்றிருந்தாள். அவர்களில் ஒருத்தி டைரீஸின் காதலி. அதை அறிந்த ரிக் கேரலைக் கூட்டத்திலிருந்து விலக்கினான். டைரீஸுக்கோ உண்மை தெரியாது. சிறை வீழ்ந்தபின் காட்டில் அவ்விருவரையுமே, மூன்று குழந்தைகளோடு, கதை ஒன்றுசேர்க்கிறது. மார்ச் 16 அன்று வந்த அத்தியாயத்தில், மூத்த சிறுமி லிசி, மீண்டும் எழுந்து வருவாள் என்ற நம்பிக்கையில் தன் தங்கையைக் கொல்கிறாள். லிசியை உயிரோடு விட்டால் கைக்குழந்தைக்கும் அதே கதி என்று உணரும் கேரல், அவளைப் பூக்களைப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சுடுகிறாள். அன்றிரவு துப்பாக்கியை மேசைமேல் டைரீஸின் பக்கம் தள்ளிவிட்டுத் தன் பழைய குற்றத்தைச் சொல்கிறாள். அவன் மன்னிக்கிறான், மறக்கமாட்டேன் என்றும் சொல்கிறான். கூட்டத்துக்குள் இதே உண்மை வெளிப்பட்டிருந்தால் அது ஒரு விசாரணையாகத்தான் முடிந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. இருப்புப்பாதை ஓரத்துப் பலகைகளில் மேகி நடைபிணங்களின் இரத்தத்தால் கிளெனுக்குச் செய்தி எழுதிவைக்கிறாள். தங்கை பெத்துக்கு ஒரு வரியும் இல்லை. எழுதியவர்களின் மறதியா, வேறு காரணமா, நாம் அறியோம். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் மனம் குறுகியது. பிரிவு என்பது தூரம் மட்டுமன்று, தேடலும்கூட. தேடுவார் இல்லாத இடத்தில் அது வெறும் இடமாற்றமாகிவிடுகிறது.

ஏழாம் சீசனில் நேர்ந்தது பெரும்பாலும் அந்த இடமாற்றமே. 2016 அக்டோபர் 23 அன்று கிளெனும் ஆபிரகாமும் நீகனால் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, ஒரு வாரம் ஓர் ஊர் என்று கதை நகர்ந்தது: ஒரு வாரம் அரசன் எசேக்கியலின் ஊர், மறு வாரம் நீகனின் கோட்டை, பிறகு ஹில்டாப், பிறகு கடலோரத்தில் டாரா. ஒவ்வோர் அத்தியாயமும் தன்னளவில் நன்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஓரிடத்தில் இருப்பவரின் வலி இன்னோரிடத்தை எட்டவில்லை. முதல் அத்தியாயத்தை அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். சீசனின் இறுதி அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் 1 கோடியே 13 லட்சம் பேர் அளவில். அந்தக் கொலைகளின் கொடூரமே பலரை விரட்டியிருக்கும். பிரிவின் தலையில் மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது.

அந்தச் சீசனிலும் ஒரு காட்சி விதிவிலக்கு. எல்லாரையும் விட்டு விலகித் தனியே வாழும் கேரலின் வீட்டுக்கு டேரில் வருகிறான். எல்லாரும் நலமா என்று அவள் கேட்கிறாள். நலம் என்கிறான் அவன். கிளென் இறந்ததைச் சொன்னால் அவள் மறுபடியும் கொலைக்கருவியை எடுப்பாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் பொய் சொல்வது நமக்குத் தெரியும். இருவரும் அமைதியாக உணவருந்துகிறார்கள். அந்தச் சீசனில் நம்மை உலுக்கிய காட்சி, அடிதடி எதுவும் இல்லாத இதுதான்.

பெத் கூட்டத்தோடு மீண்டும் சேரவே இல்லை. 2014 நவம்பர் 30 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில், அட்லாண்டாவின் மருத்துவமனை ஒன்றில், விடுவிக்கப்படும் நேரத்தில் சுடப்பட்டு இறக்கிறாள். அவள் உயிரோடிருக்கிறாள் என்று அப்போதுதான் அறிந்து ஓடிவரும் மேகி, டேரிலின் கைகளில் தங்கையின் உடலைக் காண்கிறாள். குடிசை எரிந்த இரவில் அவள் எப்படி நின்றாள் என்பது டேரிலுக்குத் தெரியும், நமக்குத் தெரியும்; அக்காளுக்குத் தெரியாது. முதல்முறை அந்த அத்தியாயத்தை ஓட்டிவிட்டதனால் நமக்கும் அப்போது தெரிந்திருக்கவில்லை. அதனால் அன்று அவளுக்காக நாம் அழவும் இல்லை.

அடுத்த முறை வகுப்பில் அந்தக் கேள்வி வந்தால் பழைய விளக்கத்தைச் சொல்லப்போவதில்லை. போனவன் வந்தானா என்பது நமக்கும் தெரியாது, ஆனால் அவன் நடந்த வழியைப் படிக்காமல் தாண்டிவிடாதே என்று மட்டும் சொல்வோம்.